படி, உழக்கு, ஆழாக்கு: விட்டுப்போகாத ஒரு காலை ஒழுக்கத்தை அமைப்பது எப்படி?

2010-ல் நான் முதன்முதலாகக் காலை நான்கு மணிக்கு எழ ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் தியானம், பிறகு நடை, பிறகு ஆசனம், பிறகு படிப்பு என்று யாரோ போட்டுக் கொடுத்த அட்டவணையை அப்படியே பிடித்துக்கொண்டேன். ராத்திரி படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். பதினோராம் நாள், வேலைக்குப் போகிற கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் நின்றபடியே கண்ணயர்ந்து, சீட்டுக் கம்பியில் மோதி நெற்றி வீங்கிப்போனது. அன்றோடு விட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் எதுவுமே செய்யவில்லை.

நெற்றி வீங்கியதைவிட அந்த ஒரு வருஷம்தான் என்னை உறுத்துகிறது. முழுசாகச் செய்ய முடியாவிட்டால் ஒன்றுமே வேண்டாம் என்று இருந்துவிட்டேனே! பிற்பாடு மறுபடி தொடங்கியபோது என் மாமியார் (அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) ஒரு வார்த்தை சொன்னார். "படி அளக்க முடியலன்னா உழக்கு அள. அதுவும் இல்லன்னா ஆழாக்கு அள. பானையை மட்டும் கவுத்து வெச்சுடாத."

எங்கள் வீட்டு அரிசிப் பானையில் இன்றைக்கும் பித்தளை ஆழாக்கு ஒன்று கிடக்கிறது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. இரண்டு உழக்கு ஒரு உரி. இரண்டு உரி ஒரு படி. ஆக ஒரு படிக்கு நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. இதே கணக்கில் என் காலையையும் பிரித்துக்கொண்டேன். நேரம் இருக்கும் நாளில் 80 நிமிடம், அது படி. அவசர நாளில் 20 நிமிடம், அது உழக்கு. காய்ச்சல், மழை, பயணம், துக்கம் வந்த நாளில் 10 நிமிடம், அது ஆழாக்கு. இந்த வழிகாட்டி முழுக்க அந்த மூன்று அளவைகளின் மேல்தான் நிற்கிறது.

முதலில் கணக்கு: கிளம்பும் நேரத்திலிருந்து பின்னால் எண்ணுங்கள்

எத்தனை மணிக்கு எழுவது என்ற கேள்வியோடு தொடங்கினால் நான்கு மணி என்றுதான் ஆசை சொல்லும். கடைசியிலிருந்து வாருங்கள். எனக்கு 7.40-க்கு வீட்டைவிட்டு இறங்கியாக வேண்டும். குளித்து, சமைத்து, டப்பா கட்டி, பிள்ளையைக் கிளப்ப ஒன்றே கால் மணி நேரம் போகும். அப்படியானால் 6.25-க்கு அடுப்படியில் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் 80 நிமிடம் வேண்டும் என்றால் 5 மணிக்கு எழ வேண்டும். வயது வந்தவருக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது தேவை. ஆகவே 10 மணிக்குள் கண் மூடியிருக்க வேண்டும். பத்து மணிக்குப் படுக்க வீட்டு நிலவரம் இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். கொடுக்காது என்றால் 80 நிமிடத்தைக் குறையுங்கள், தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

பிரம்ம முகூர்த்தம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அது கடிகாரத்தில் நிலையாக நிற்கும் நேரம் கிடையாது, சூரியனோடு நகர்வது. ஒரு முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை, 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிகிறது பிரம்ம முகூர்த்தம். நம் கடலூர், புதுச்சேரிக் கரையில் ஜூன் தொடக்கத்தில் 5.40 வாக்கில் சூரியன் உதிக்கும். ஜனவரிக் கடைசியில் 6.35 வாக்கில். ஆகவே ஜூனில் அது சுமார் 4.05-க்குத் தொடங்கும், தை மாதத்தில் ஐந்து மணிக்குத்தான் தொடங்கும். தையில் 5 மணிக்கு எழுகிறவர் பிரம்ம முகூர்த்தத்தில்தான் எழுகிறார். இது தெரியாமல் வருஷம் முழுக்க நான்கு மணி என்று உடம்பை வருத்திக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இப்போது ஏழு மணிக்கு எழுகிறவர் நாளைக்கே ஐந்துக்குத் தாவ வேண்டாம். வாரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் நகருங்கள். படுக்கும் நேரமும் கூடவே நகர வேண்டும்.

முந்தின ராத்திரி

மூன்று காரியம் போதும். செல்போனைப் படுக்கை அறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் கை தேடுகிற சாமான்களை (கோலமாவு டப்பா, நடக்கும் செருப்பு, நோட்டு, பேனா) ஒரே இடத்தில் வையுங்கள். சாயந்திரம் நாலு மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். குடித்த காபியின் வீரியத்தில் பாதி குறையவே ஐந்து மணி நேரம்போல் ஆகும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் நீராகாரமும் தயார்.

எழுந்ததும்: தண்ணீர், வெளிச்சம், வாசல்

சூரியன் உதிப்பதற்கு முன்பே எழுந்து, சிறிது நேரம் உட்கார்ந்து கடவுளைத் தியானிக்க வேண்டும் என்று வள்ளலார் அன்றாட ஒழுக்கங்களில் முதலாவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் 'சிறிது நேரம்' எனக்குப் பிடித்த சொல். பாயிலேயே இரண்டு நிமிடம் நிமிர்ந்து உட்காருங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர், காலைக்கடன், பல் துலக்கல். அதன் பிறகு கதவைத் திறந்து வாசலுக்கு வந்துவிடுங்கள். விடியும் வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம் பகல் தொடங்கிவிட்டது என்று கணக்கு வைக்கிறது. அன்று ராத்திரி தூக்கம் வருவதற்கான நேரத்தையும் அதுவே குறித்துக்கொள்கிறது.

வாசலுக்கு வந்தபின் நான் செய்வது கோலம். இதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஆன்மிகம், உடம்பு, மனசு மூன்றையும் ஒன்றாகப் பிடிக்கிற ஒரு பயிற்சியைத் தேடினால் அது நம் வாசலிலேயே கிடக்கிறது. ஆண்களும் செய்யலாம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் மனைவி காலமான பிறகு தானே போட ஆரம்பித்தார், ஒரு நாளும் விடுவதில்லை.

பெருக்கி, தண்ணீர் தெளியுங்கள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் போட வேண்டும், அப்போதுதான் மாவு தரையில் பிடிக்கும். சிக்குக் கோலம்தான் மனப்பயிற்சிக்கு ஏற்றது. ஐந்து புள்ளி, ஐந்து வரிசை நேர்ப்புள்ளியில் தொடங்குங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை எடுத்து, விரலை லேசாக உருட்டினால் கோடு சீராக இறங்கும். இறுக்கிப் பிடித்தால் திட்டுத் திட்டாக விழும். கோடு எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைய வேண்டும், கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கோலம் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் முதலில் கோட்டையே பார்த்துக்கொண்டு போவேன், நடுவில் தடுமாறி நிற்பேன். "கோட்டப் பாக்காதம்மா, அடுத்த புள்ளியப் பாரு. கோடு தானா வரும்" என்பார் அத்தை. அது நெஜம். மனசு ஆபீஸுக்கோ நேற்றைய சண்டைக்கோ போனால் அந்த இடத்தில் கோடு பிசகும். பிசகிய இடத்தைப் பார்த்தே எண்ணம் எங்கே போனது என்று கண்டுகொள்ளலாம். கண்ணை மூடி உட்கார்ந்த தியானத்தில் எனக்கு இந்தத் தெளிவு கிடைக்கப் பல வருஷம் ஆனது.

இடுப்பை மடித்து, முட்டியைக் கொஞ்சம் தளர்த்திக் குனியுங்கள். முதுகை வில்லாக வளைத்துக் குனிந்தால் வலி வரும். முட்டி வலி உள்ளவர்கள் சின்ன முக்காலியில் உட்கார்ந்து போடலாம். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் கதவுக்கு முன்னால் ஒரு சாண் இடத்தில் போடலாம். அதுவும் இல்லாவிட்டால் நோட்டில் புள்ளி வைத்துப் பேனாவால் போடலாம். மாவு மட்டும் பச்சரிசி மாவாக இருக்கட்டும். கல்மாவு பளிச்சென்று இருக்கும், ஆனால் எறும்பு தின்னாது. ஏழு மணிக்கு எறும்புச் சாரை கோலத்தின் மேல் ஊர்வதைப் பார்க்கும்போது, அன்றைய முதல் சாப்பாட்டை நாம் இன்னொரு உயிருக்குப் போட்டிருக்கிறோம் என்று தெரியும்.

பெருக்குவதையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் சுவாமிகள் கரையேறியது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் என்பது வரலாறு. பக்கத்தில் கரையேறவிட்ட குப்பம் என்று இன்றும் ஓர் இடம் இருக்கிறது. அவர் வாழ்நாளெல்லாம் கையில் வைத்திருந்தது உழவாரப்படை, கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கும் கருவி.

உடம்பு: முப்பது நிமிடம்

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தினம் முப்பது நிமிடம், வாரம் ஐந்து நாள் என்றால் கணக்கு சரியாகிவிடும். மூச்சு கொஞ்சம் வேகமாக வர வேண்டும், ஆனால் பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகத்துக்கு அளவு.

எங்கே நடப்பது? புதுச்சேரிக்காரர்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. கடற்கரைச் சாலையில் சாயந்திரம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளம்; காந்தி சிலையைத் தாண்டி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு தடவை போய் வந்தால் மூன்று கிலோமீட்டர், அன்றைக்குப் போதும். கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் இருக்கிறது. அங்கே ஒரு எச்சரிக்கை: காய்ந்த மணலில் வேக நடை வேண்டாம். கால் புதையப் புதைய நடந்து குதிகால் வலி வந்து இரண்டு மாதம் அவதிப்பட்டேன். அலை வந்து போன ஈர மணல் இறுகி இருக்கும்; அதிலும் கரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும் என்பதால் போகும்போது எவ்வளவு தூரமோ அதே தூரம் திரும்பியும் நடந்தால்தான் இரண்டு காலுக்கும் பாரம் சமமாகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் கடற்கரைக்குப் போகிறேன். மற்ற நாட்களில் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் நடை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் இறங்க முடியாது. அப்போது வீட்டுக்குள் சூரிய நமஸ்காரம். பன்னிரண்டு நிலை, பின்னால் வளையும்போது மூச்சு உள்ளே, முன்னால் குனியும்போது வெளியே. முதல் வாரம் மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். தசைக்கு வேலை கொடுக்க, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து தடவை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். இதய நோய், கர்ப்பம், முதுகுத்தண்டுத் தொந்தரவு இருப்பவர்களும் அப்படியே, கேட்காமல் ஆசனத்தில் இறங்க வேண்டாம்.

மூச்சு: பத்து நிமிடம்

திருமந்திரத்தில் பிராணாயாமத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இழுப்பது 16 மாத்திரை (ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம்), அடக்குவது 64, விடுவது 32. ஒரு பயிற்சி வகுப்பில் முதல் வாரமே என்னை அந்த 64-க்கு முயலச் சொன்னார்கள். மூன்றாம் நாள் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அளவு பல வருஷம் பழகியவர்களுக்கு உரியது, அதுவும் குரு பக்கத்தில் இருந்து. ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மூச்சை அடக்கவே கூடாது.

நாம் செய்ய வேண்டியது எளிது. நடந்து வந்த படபடப்பு அடங்கியபின் நிமிர்ந்து உட்காருங்கள். நாலு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும்வரை மூக்கால் விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். விடும் மூச்சு நீளும்போது நெஞ்சுத் துடிப்பு தணிவது உங்களுக்கே தெரியும். இரண்டு மூன்று வாரம் இது பழகியபின் ஒரு நாசியில் இழுத்து மறு நாசியில் விடும் நாடி சுத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம், அதிலும் அடக்காமல்.

விளக்கு: பத்து நிமிடம்

உடம்பு அசைந்து, மூச்சு தணிந்தபிறகு சாமி முன்னால் உட்காரச் சொல்கிறேன். எழுந்தவுடன் கண்ணை மூடி உட்கார்ந்தால் முக்கால்வாசிப் பேர் மறுபடி தூங்கிப்போகிறோம். இந்த வரிசையை மாற்றிப் பார்த்தவர்கள் பலர் முதல் வாரத்திலேயே வித்தியாசத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு அகல் ஏற்றி, கண்ணுக்கு நேராக ஒரு முழ தூரத்தில் வையுங்கள். கொஞ்ச நேரம் சுடரைப் பாருங்கள், பிறகு கண்ணை மூடி அதே சுடரை உள்ளே பாருங்கள். எண்ணம் ஓடினால் திட்ட வேண்டாம், சுடருக்குத் திரும்புங்கள். நம் மாவட்டத்து வடலூரில் 1872-ல் சத்திய ஞான சபையில் வள்ளலார் வைத்தது ஒரு ஜோதியைத்தான், அதற்கு முன்னால் ஏழு திரைகள். தைப்பூசத்தன்று ஒவ்வொரு திரையாக விலகும்போது கூட்டத்தில் எழும் 'அருட்பெருஞ்ஜோதி' என்ற குரலைக் கேட்டவர்களுக்கு, தினம் காலையில் ஒரு அகல் முன்னால் உட்கார்வதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

என் அத்தை நமச்சிவாயப் பதிகத்தைப் பாடி முடிப்பார், அவருக்கு அதுவே தியானம். பஜ்ர் (முஸ்லிம்களின் விடியல் தொழுகை) தொழுகிறவர்களுக்கு நேரம் ஏற்கெனவே விதித்தே இருக்கிறது. மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம். ஜெபம் செய்கிறவர்களுக்கும் அப்படியே. சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் பத்து நிமிடம் மௌனமாக இருக்கலாம். மௌனத்துக்கு எந்த மதமும் வேண்டாம்.

மனசு: ஒரு குறள், மூன்று வரி

கடைசிப் பத்து நிமிடம். ஒரு குறளை வாய்விட்டு மூன்று தடவை படித்து, புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். 1330 குறளுக்கு மூன்று வருஷம் எட்டு மாதம் ஆகும். பிறகு நோட்டில் மூன்று வரி: நேற்று நடந்ததில் நன்றி சொல்ல வேண்டியது, மனசை அரிப்பது, இன்று கட்டாயம் முடிக்க வேண்டிய ஒரே ஒரு வேலை. கையால் எழுதுங்கள். இதற்குப் பிறகுதான் செல்போன்.

எதை முதலில் தொடங்குவது

எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்காதீர்கள். என் வழி தலைகீழானது, ஆழாக்கிலிருந்து படிக்கு ஏறுவது. முதல் 48 நாள், ஒரு மண்டலம், வெறும் ஆழாக்கு: வாசல் தெளித்து ஒரு சின்னக் கோலம், இருபது மூச்சு, விளக்கு முன்னால் இரண்டு நிமிடம், நோட்டில் ஒரு வரி. நேரம் இருந்தாலும் கூட்டாதீர்கள். அடுத்த மண்டலம் உழக்கு. அதன்பிறகு படி.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே 21 நாளில் வரவில்லையே என்று மனம் உடைய வேண்டாம். தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கும் முன் அதன் மேல் ப, உ, ஆ என்று அன்றைய அளவைக் குறித்துவிடுங்கள். கிழித்த தாள்களை ஒரு கவரில் சேர்த்து வைத்தால் மாதக் கடைசியில் எண்ணிப் பார்க்கலாம்.

ஆழாக்கு எதற்கு என்று தெரிந்த நாள்

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது காலை வேளையில்தான். ராத்திரியெல்லாம் காற்று ஊளையிட்டது. வாசலில் நின்ற முருங்கை பெயர்ந்து கதவின் மேல் சாய்ந்திருந்தது, பின்பக்கமாகத்தான் வெளியே வர முடிந்தது. கரண்ட் வர எத்தனையோ நாள் ஆனது. நான் மறுபடி தொடங்கிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு அது போயிற்று என்றே நினைத்தேன். அத்தை முருங்கைக் கிளைக்கு அடியில் கையை விட்டு, ஈரத் தரையில் நாலே நாலு புள்ளி வைத்து ஒரு வளையம் இழுத்தார். உள்ளே வந்து அகல் ஏற்றினார். "ஆழாக்கு ஆச்சு. வா, தெருவுல யாருக்கு என்ன வேணும்னு பாப்போம்" என்று கிளம்பிவிட்டார். அன்றைக்கும் விட்டுப்போகவில்லை.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் இதே அளவைதான் கைகொடுக்கிறது. என் கணவருக்கு சிப்காட்டில் வேலை, வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். நைட் ஷிப்ட் முடிந்து வருபவர் வெயில் கண்ணில் பட நடக்கக் கூடாது, தூக்கம் கலைந்துவிடும். அறையை இருட்டாக்கிப் படுக்க வேண்டும். மத்தியானம் எழும்போது அவருக்கு அதுதான் காலை: தண்ணீர், மூச்சு, விளக்கு, அந்த வாரம் முழுக்க உழக்கு அளவு. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களே, உங்களுக்கு இப்போது ஆழாக்குகூடக் கடன் இல்லை. குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள். பால் கொடுக்கும்போது இருபது மூச்சு நீளமாக விட்டால் அன்றைய கணக்கு முடிந்தது.

பிடி அரிசி

காலை ஒழுக்கத்தின் கடைசிக் காரியம் அடுப்படியில் நடக்கிறது. உலைக்கு அரிசி அளந்தபின், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுங்கள். நம் பாட்டிமார் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. படி நாளோ ஆழாக்கு நாளோ, இந்தப் பிடி மட்டும் குறையக் கூடாது. வடலூர் தருமசாலையில் 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்று வரை அணையாமல் எரிகிறது. பசித்து வந்தவர் யாராக இருந்தாலும் அங்கே சாப்பாடு உண்டு. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிடி அரிசிப் பானையைக் கவிழ்த்து, அத்தையின் ஆழாக்கால் என் மகள் அளப்பாள். ஏழு, எட்டு ஆழாக்கு வரும், ஏறக்குறைய ஒரு படி. அதைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வடலூர் பஸ் ஏறுவோம்.